பிந்தித் தெரிந்த புற்றும் நியாயஸ்தலமும்

காஞ்சி மாநகரத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏகாம்பரநாதரையும் காமாட்சியையும் வரதராஜரையும் தரிசித்துவிட்டுக் காந்தி ரோட்டுக் கடைகளில் பட்டுப்புடவை எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்களாகவே இருக்க, இவ்விரண்டில் எந்தக் காரியத்துக்காகவும் அல்லாமல், கையில் ஒரு பிளாஸ்டிக் பையும் அதனுள் கசங்கிய காகிதங்களும் ஸ்கேன் படங்களுமாக, அண்டை ஜில்லாக்களிலிருந்தெல்லாம் பஸ் ஏறி வந்து, ஊரை அடுத்த காரப்பேட்டையில் இறங்குகிற ஒரு கூட்டமும் உண்டு. அங்கே இருப்பது அரசாங்கத்தின் புற்றுநோய் மருத்துவமனை. 1909-ஆம் ஆண்டு இவ்வூரில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, முதலமைச்சர் பதவியில் இருக்கும்போதே உணவுக்குழாயில் புற்று கண்டு, 1968 செப்டம்பரில் நியூயார்க் வரை சென்று ரண சிகிச்சை செய்துகொண்டு திரும்பியும், 1969 பிப்ரவரி 3-ஆம் தேதி காலமான அறிஞர் அண்ணாவின் பெயரையே அது தாங்கி நிற்கிறது.

இப்படிப்பட்ட எந்த மருத்துவமனையிலும் வைத்தியர் நோயாளியிடம் கேட்கிற கேள்விகளுள் முக்கியமானது, "ஏன் இவ்வளவு நாள் கழித்து வந்தீர்கள்?" என்பது. அதற்குக் கிடைக்கும் பதில்களில் பலவும் நாம் அறிந்தவையே: பயம், வெட்கம், பணமின்மை, தறியை நிறுத்த முடியாத நெருக்கடி, பெண்ணின் கலியாணம் முடியட்டும் என்ற எண்ணம். ஆனால் சிலர் சொல்லும் பதில் வேறு விதமானது. "நான் அன்றைக்கே போனேன் ஐயா, அவர்தான் ஒன்றுமில்லை என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்" என்பது அது. இந்தப் பதிலைச் சொல்லுகிறவருக்கு நம் நாட்டுச் சட்டத்தில் என்ன கதி உண்டு, அந்தக் கதி போதுமானதா என்பதே இக்கட்டுரையின் விசாரம். நம் சட்டம் வைத்தியர் தவறினாரா என்பதை விசாரிக்கத் தெரிந்த அளவுக்கு, அந்தத் தவறினால் நோயாளி இழந்த காலத்தை அளக்க இன்னும் தெரிந்துகொள்ளவில்லை என்பது நம் அபிப்பிராயம். அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் வைத்தியருக்கும் ஒரு நியாயம் சொல்லவேண்டும். புற்று என்பது தொடக்கத்தில் தன் சொந்த வேஷத்தில் வருவதில்லை. வருஷக்கணக்காக வெற்றிலையோடு புகையிலை போடும் நெசவாளியின் கன்னத்து உட்புறத்தில் வரும் ஆறாத புண், பல் கூராக இருந்து கடித்த புண்ணைப் போலவே தோன்றும். பால் கொடுக்கும் தாயின் மார்பில் திரளும் கட்டி பால் கட்டிக்கொண்டதைப் போலவும், மலத்தோடு ரத்தம் போவது மூலத்தைப் போலவும், மாதவிலக்கு நின்றுபோன பெண்ணுக்கு மீண்டும் உதிரம் படுவது ஏதோ உஷ்ணத்தைப் போலவும் காட்சியளிக்கும். க்ஷயரோகம் மிகுந்த நம் தேசத்தில் நுரையீரல் படத்தில் ஒரு நிழலைக் கண்டால் வைத்தியரின் புத்தி முதலில் க்ஷயத்துக்கே செல்வது இயற்கை; கழுத்தில் நெறி கட்டினாலும் அப்படியே. ஒரு பொது வைத்தியர் நாள்தோறும் பார்க்கிற நூறு இருமல்களில் தொண்ணூற்றொன்பதும் புற்றல்ல என்பதால், எல்லோரையும் ஸ்கேனுக்கும் சதைப் பரிசோதனைக்கும் அனுப்புவது நோயாளியின் பணத்துக்கும் மனநிம்மதிக்கும் தீங்காகவே முடியும்.

ஆயினும் இந்த நியாயத்துக்கு ஓர் எல்லை உண்டு. முதல் முறை மாத்திரை கொடுப்பதைப் பிழையென்று யாரும் சொல்லார்; இரண்டு மூன்று வாரங்களில் ஆறாத வாய்ப்புண்ணுக்கு மூன்றாம் முறையும் அதே களிம்பை எழுதித் தருவதைப் பிழையென்று சொல்லாமலும் இருக்க முடியாது. மார்பில் கட்டி என்று வந்த பெண்ணுக்குக் கையால் சோதித்தல், படம் எடுத்தல், ஊசியால் சதையை எடுத்துப் பார்த்தல் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் நிர்ணயம் பூர்த்தியாகும் என்பது மருத்துவக் கல்லூரியில் பயிற்றப்படுகிற பாடம். மலத்தில் ரத்தம் என்று வந்தவரை விரலிட்டுச் சோதிப்பதற்கு ஒரு கையுறையும் இரண்டு நிமிஷமும் போதும்; அதைச் செய்யாமல் மூலம் என்று தீர்மானிப்பது எவ்வளவு சாதாரணமாக நடக்கிறது என்பதை நம்மூர்ப் பஸ் நிலையச் சுவர்களில் "மூலம், பௌத்திரம்" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும் விளம்பரங்களைக் கண்டவர்கள் எளிதில் ஊகித்துக்கொள்ளலாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கையைக் கொண்டுபோனதும் மலக்குடலில் வந்த புற்றுதான்; அந்தத் துயரமே அவரை 1954-ல் அடையாற்றுப் புற்றுநோய் ஸ்தாபனத்தைத் தொடங்கும்வரை நடத்திச் சென்றது.

வேறு வகைத் தாமதங்களும் உண்டு. அவற்றில் வைத்தியரின் அறிவுக் குறைவென்று எதுவும் இராது. அறுத்தெடுத்த கட்டியைச் "சாதாக் கட்டிதான்" என்று சொல்லிச் சோதனைக்கு அனுப்பாமலே விட்டுவிடுவது. அனுப்பியும் அதன் ரிப்போர்ட்டை யாரும் வாங்கிப் பார்க்காமல் அது ஆய்வுக்கூட மேஜையிலேயே கிடப்பது. ஸ்கேன் ரிப்போர்ட்டின் கடைசி வரியில் "மேற்கொண்டு பரிசோதிக்கவும்" என்றிருப்பதை நோயாளிக்குச் சொல்லாமல் விடுவது ஆகிய இவை முழுக்க முழுக்க நிர்வாகப் பிழைகள். நோயாளியோ "ஸ்கேன் எடுத்தாச்சு, ஒண்ணும் இல்லை" என்ற நிம்மதியோடு வீடு திரும்புகிறார். நம் பார்வையில், மன்னிப்புக்குச் சிறிதும் இடமில்லாதவை இவ்வகைத் தாமதங்களே. வழக்காடுவோருக்கு எளிதில் நிரூபிக்கக் கூடியவையும் இவையே.

இனிச் சட்டத்துக்கு வருவோம். முறிந்த காலோடு வந்த ஓர் இளைஞரின் மரணத்தைப் பற்றி எழுந்த லக்ஷ்மண் பாலகிருஷ்ண ஜோஷி வழக்கில், நோயாளியை ஏற்பதா என்று தீர்மானிப்பதிலும், எந்தச் சிகிச்சை என்று தேர்ந்தெடுப்பதிலும், அதைச் செய்வதிலும் வைத்தியர் நியாயமான ஜாக்கிரதை காட்டக் கடமைப்பட்டவர் என்று நமது உச்சநீதிமன்றம் 1968-லேயே வரையறுத்தது. அந்த ஜாக்கிரதை எவ்வளவு என்பதற்கு 1957-ஆம் ஆண்டின் இங்கிலாந்துத் தீர்ப்பான போலம் வழக்கே அளவுகோலாயிற்று. அத்துறையில் பொறுப்புள்ள ஒரு சாரார் சரியென ஏற்கும் முறையில் நடந்தவரை, வேறொரு சாரார் மறுக்கிறார்கள் என்பதற்காக மட்டும் அஜாக்கிரதையாளர் என்று சொல்லலாகாது என்பது அதன் சாரம். அந்தச் சாராரின் அபிப்பிராயம் தர்க்கத்துக்குத் தாங்கி நிற்கவும் வேண்டும் என்று 1997-ல் பொலித்தோ வழக்கில் அந்நாட்டுப் பிரபுக்கள் சபை ஒரு திருத்தம் சேர்த்தது.

இந்திய நீதிமன்றங்கள் இன்றுவரை மேற்கோள் காட்டும் முக்கியத் தீர்ப்பான 2005-ஆம் ஆண்டு ஜேக்கப் மாத்யூ வழக்கின் பின்னணியில் இருந்தவரும் ஒரு புற்று நோயாளியே என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நோய் முற்றிய நிலையில் லூதியானா நகரத்து மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டிருந்த அவர் மூச்சுத் திணறியபோது கொண்டுவரப்பட்ட ஆக்ஸிஜன் சிலிண்டர் காலியாக இருந்தது என்பது குற்றச்சாட்டு. வைத்தியர்மீது தொடுத்த கிரிமினல் வழக்கை ரத்து செய்த உச்சநீதிமன்றம், குற்றவியல் சட்டத்தின்கீழ் தண்டிக்க வேண்டுமானால் அஜாக்கிரதை மிகப் பெரியதாக இருக்கவேண்டும் என்றும், வேறொரு தகுதியுள்ள வைத்தியரின் சுதந்திரமான அபிப்பிராயம் இல்லாமல் வழக்குப் பதியலாகாது என்றும் விதித்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதையின் 106-ஆம் பிரிவிலும், மருத்துவச் செய்முறையின்போது நேரும் அஜாக்கிரதை மரணத்துக்கு மற்றவர்களைவிடக் குறைந்த தண்டனையே, அதிகபட்சம் 2 ஆண்டு, வைக்கப்பட்டிருக்கிறது. பிந்திய நிர்ணயத்துக்காக வைத்தியரைச் சிறைக்கு அனுப்ப முயல்வதை நாம் ஆதரிக்கவில்லை. ஆறு மாதம் தாமதித்ததால் வந்த கேட்டைக் கிரிமினல் நீதிமன்றத்தில் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டு நிரூபிப்பது ஏறக்குறைய முடியாத காரியம் என்பதோடு, அந்த முயற்சி இழந்தவர் குடும்பத்துக்கு ஒரு காசும் தேடித் தருவதில்லை.

நிர்ணயம் தவறிய வழக்குகளுக்குப் பயன்படும் தீர்ப்பு 2010-ல் வந்த வி. கிஷன் ராவ் வழக்கினுடையது. ஹைதராபாத்தில் மலேரியாவால் வருந்திய ஒரு பெண்மணிக்கு டைபாய்டுக்கான மருந்து கொடுத்து, அவர் இறந்துபோக, கணவர் தொடுத்த வழக்கு அது. ஒவ்வொரு வழக்கிலும் நிபுணர் சாட்சியம் கட்டாயமல்ல, தவறு தானே பேசும் இடத்தில் சாட்சியம் இல்லாமலே தீர்ப்பளிக்கலாம் என்று உச்சநீதிமன்றம் சொன்னது. சிற்றூர்களிலும் நடுத்தர நகரங்களிலும் ஒரு வைத்தியருக்கு எதிராக மற்றொரு வைத்தியர் கூண்டேறிப் பேச முன்வருவது அரிது என்பதை அறிந்தவர்களுக்கு இத்தீர்ப்பின் அருமை புரியும். இதற்கு எதிர்ப்பக்கத்தில், ஜெய்ப்பூரில் உணவுக்குழாய்ப் புற்றுக்குச் சிகிச்சை பெற்றிருந்த ஒரு பெண்மணியின் மரணத்தைப் பற்றிய 2019-ஆம் ஆண்டு வினோத் ஜெயின் வழக்கில், நிர்ணயம் பிசகியிருந்தாலும் அதுவே அஜாக்கிரதை ஆகிவிடாது என்று அதே நீதிமன்றம் கணவரின் மனுவைத் தள்ளுபடி செய்தது. இவ்விரண்டுக்கும் முரண் இருப்பதாகச் சிலர் கருதுகிறார்கள். நமக்கு அப்படித் தோன்றவில்லை. வேண்டிய சோதனைகளைச் செய்து பார்த்து, கிடைத்த குறிகளைத் தவறாகப் புரிந்துகொண்டவர் ஒருவர். சோதனையே செய்யாமல் முடிவுகட்டியவர் வேறொருவர். முன்னவருடையது புத்தியின் பிசகு. பின்னவருடையது கடமையின் பிசகு. பிந்தித் தெரிந்த புற்று வழக்குகள் யாவும் இந்தக் கோட்டின் எந்தப் பக்கத்தில் விழுகின்றன என்பதைப் பொறுத்தே வெல்வதும் தோற்பதும் நிகழ்கின்றன.

சட்டம் தெரிந்தால் மட்டும் போதாது. அதைக் கேட்கும் வாசலும் திறந்திருக்கவேண்டும். 1986-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வைத்தியத்துக்கும் பொருந்துமா என்ற விவாதத்தில் நம் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு ஒரு பங்கு உண்டு. நோயைக் கண்டறிவதும் சிகிச்சை செய்வதும் அச்சட்டம் கூறும் "சேவை" ஆகா என்று 1994-ல் அது கூறிய தீர்ப்பை, மறு ஆண்டு நவம்பர் 13-ஆம் தேதி, இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி. பி. சாந்தா வழக்கில் உச்சநீதிமன்றம் மாற்றியது. பணம் வாங்கிக்கொண்டு வைத்தியம் செய்யும் எவரும் இச்சட்டத்துக்கு உட்பட்டவரே. சிலரிடம் வாங்கிச் சிலருக்கு இலவசமாகச் செய்யும் மருத்துவமனையில் இலவசமாகப் பெற்றவரும் வழக்காடலாம். ஆனால் எல்லோருக்கும் இலவசமாகவே செய்யும் மருத்துவமனை இதில் சேராது. 2019-ல் புதுச் சட்டம் வந்த பிறகு இந்த நிலை மாறிவிட்டது என்று வைத்தியர் தரப்பில் எழுந்த வாதத்தையும் 2022-ல் உச்சநீதிமன்றம் ஏற்கவில்லை.

இப்பொழுது பிள்ளையார்பாளையத்து நெசவாளி ஒருவரை நினைத்துக்கொள்வோம். அவர் ஐந்நூறு ரூபாய் கொடுத்துத் தனியார் கிளினிக்கில் காட்டி, அங்கே அவருடைய வாய்ப்புண் தவறாகக் கணிக்கப்பட்டால், அவர் நுகர்வோர். நுகர்வோர் ஆணையத்தின் முன் செல்லலாம். அவரே பணமில்லாமல் அரசு ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு வாங்கிக் காட்டி, அங்கே அதே புண் அதே விதமாகத் தவறாகக் கணிக்கப்பட்டால், அவர் நுகர்வோரல்லர். சிவில் கோர்ட்டுக்குப் போய்ப் பல ஆண்டு காத்திருக்கலாம், அல்லது உயர்நீதிமன்றத்தில் ரிட் மனுப் போடலாம். அரசு மருத்துவமனை ஊழியரின் அஜாக்கிரதைக்கு அரசாங்கம் பொறுப்பு என்பதை ஔரங்காபாத்தில் வயிற்றுக்குள் துணி விட்டுத் தைக்கப்பட்ட ஒரு பெண்ணின் மரணம் பற்றிய அச்யுத்ராவ் கோட்வா வழக்கில் 1996-ல் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது என்பது உண்மையே. ஆனால் அந்த அறுவை நடந்தது 1963-ல். மனைவியை இழந்தவர் முடிந்த முடிவான ஒரு தீர்ப்பைக் காண முப்பத்துமூன்று வருஷம் ஆயிற்று. புண் ஒன்று, பிழை ஒன்று, சட்டம் மட்டும் இரண்டு என்ற இந்தப் பேதத்துக்கு நாம் எந்தச் சமாதானமும் காணவில்லை. அரசின் காப்பீட்டுத் திட்டத்தின் மூலம் சிகிச்சைக்கு இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி பணம் கட்டுமானால், காப்பீடு கட்டும் பணமும் கட்டணமே என்று சாந்தா வழக்கிலேயே சொல்லப்பட்டிருப்பதைக் கொண்டு வாதிட இடமுண்டு. ஆனால் காப்பீடு வருவது சிகிச்சைக் கட்டத்தில்தான், பெரும்பாலான பிழைகள் நேர்வதோ அதற்கு முன், வெறும் ஓ.பி. சீட்டோடு வரிசையில் நின்ற நாட்களில்.

அடுத்து வருவதே இந்த விசாரத்தின் கருவான பகுதி. வைத்தியர் தவறினார் என்று வைத்துக்கொண்டாலும், அவருடைய வழக்கறிஞர் எழுந்து, "புற்று எங்கள் கட்சிக்காரர் உண்டாக்கியதல்ல, அவர் அன்றைக்கே கண்டுபிடித்திருந்தாலும் இந்த நோயாளி பிழைத்திருப்பார் என்பதற்கு என்ன நிச்சயம்?" என்று கேட்பார். நெசவில் பாவு இழை ஒன்று அறுந்தால் அறுந்த இடம் அப்பொழுதே கண்ணுக்குத் தெரியும். உடம்புக்குள் எந்த வாரத்தில் நோய் ஓர் உறுப்பிலிருந்து மற்றோர் உறுப்புக்குத் தாவியது என்பதை எந்த நிபுணரும் தேதியிட்டுச் சொல்ல இயலாது. சில புற்றுகள் நாட்கணக்கில் இரட்டிக்கும்; சில, ஆண்டுக்கணக்கில் உறங்கும்.

இந்தக் கேள்வியை மிகத் தெளிவாகச் சந்தித்தது இங்கிலாந்தின் கிரெக் எதிர் ஸ்காட் வழக்கு. இடது கையின் அடியில் ஒரு கட்டி என்று 1994-ல் வந்தவரை, வெறும் கொழுப்புக் கட்டி என்று சொல்லி வைத்தியர் திருப்பி அனுப்பினார். பிறகு அது நிணநீர்ப் புற்று என்று தெரிந்தது. போனது ஒன்பது மாதம். அன்றே கண்டறிந்திருந்தால் பத்தாண்டு உயிர்வாழும் வாய்ப்பு நூற்றுக்கு 42. தாமதத்துக்குப் பிறகு அது 25. வைத்தியர் தவறியதை நீதிமன்றம் ஏற்றது. ஆயினும் 42 என்பது ஐம்பதுக்குக் கீழே இருப்பதால், தாமதம் இல்லாவிட்டாலும் அவர் பிழைத்திருக்க மாட்டார் என்பதே சாத்தியம் மிகுந்த முடிவு என்று கணக்கிட்டு, 2005-ல் பிரபுக்கள் சபையின் ஐந்து நீதிபதிகளில் மூவர் அவருக்கு நஷ்டஈடு இல்லையென்றனர், இருவர் மாறுபட்டனர். இதன் விளைவைச் சற்று யோசித்தால் திகைப்பாக இருக்கும். நூற்றுக்கு 55 வாய்ப்புள்ள நோயாளிக்குத் தவறு செய்த வைத்தியர் முழு நஷ்டஈடும் தரவேண்டும். 45 வாய்ப்புள்ளவருக்கு அதே தவற்றைச் செய்தவர் ஒரு காசும் தரவேண்டியதில்லை. நோய் எவ்வளவு கொடியதோ அவ்வளவுக்கு வைத்தியரின் கடமை லேசாகிவிடுகிறது!

அமெரிக்காவில் சில மாநிலங்கள் வேறு வழி சென்றன. நுரையீரல் புற்றை ஏறக்குறைய ஆறு மாதம் தாமதித்துக் கண்டதால் ஐந்தாண்டு வாய்ப்பு 39-லிருந்து 25 ஆகக் குறைந்த ஒருவரின் குடும்பம் வழக்காட இடமுண்டு என்று வாஷிங்டன் மாநில உச்சநீதிமன்றம் 1983-ல் கூறியது. வயிற்றுப் புற்று தவறவிடப்பட்ட மாட்சுயாமா வழக்கில் மாசாசூசெட்ஸ் மாநில உச்சநீதிமன்றமும் 2008-ல் இழந்த வாய்ப்பையே ஒரு நஷ்டமாக ஏற்று, அந்த விகிதத்துக்கு ஏற்பத் தொகை கணக்கிடும் முறையைக் காட்டியது. நம் மனம் இந்தப் பக்கமே சாய்கிறது. தாமதத்தால் வரும் கேடு வெறும் ஊகமென்று சொல்வதற்கும் இடமில்லை. ஏறத்தாழ ஒரு லட்சம் நோயாளிகளைப் பற்றிய 87 ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்து 1999-ல் லான்செட் பத்திரிகையில் வெளிவந்த ஆய்வு, மார்பகப் புற்றில் மூன்று மாதமோ அதற்கு மேலோ தாமதித்தவர்களிடையே ஐந்தாண்டு உயிர்வாழ்வோர் விகிதம் 12 சதவீதம் குறைவு என்று கண்டது. வாய்ப்பைத் தவிர வேறு நஷ்டங்களும் உண்டு. கட்டியை மட்டும் எடுத்திருக்கக் கூடிய இடத்தில் மார்பையே எடுக்க நேர்வது, கரண்ட் வைத்தலும் கீமோவும் கூடுதலாகத் தேவைப்படுவது, தாடையில் பாதியை இழந்து பேச்சுக் குழறுவது ஆகியவை பிழைத்தவருக்கும் வருகிற நஷ்டங்களே. இவற்றை நிரூபிக்க ஐம்பது சதவீதக் கணக்கு எதுவும் தேவையில்லை. நம் நாட்டு வழக்குரைஞர்கள் உயிரிழப்பையே பெரிதாகப் பேசி, இந்த இரண்டாம் வகை நஷ்டத்தை மனுவில் ஒரு வரியோடு விட்டுவிடுவது தந்திரக் குறை என்றே சொல்லவேண்டும்.

தொகையைப் பற்றிச் சொல்லும்போது காஞ்சிபுரத்துக்கே உரிய ஒரு சிக்கலையும் குறிப்பிடலாம். சம்பளச் சீட்டு உள்ளவரின் வருமான இழப்பைக் கணக்கிடுவது எளிது. குழித்தறியில் உட்கார்ந்து கூலிக்கு நெய்பவருக்குச் சம்பளச் சீட்டு ஏது? மேலும் உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக வரும் கோர்வைப் புடவைக்கு ஒருவர் கை போதாது. பக்கத்தில் அமர்ந்து கரைக்கு நாடா வீச இன்னொருவர் வேண்டும், அவர் பெரும்பாலும் வீட்டு மனிதரே. அந்த மனைவி நோயில் விழுந்தால் அவள் கூலி மட்டுமன்றிக் கணவன் கூலியும் சேர்ந்தே நிற்கிறது. ஆணையத்தின் ஏடுகளிலோ அவள் "இல்லத்தரசி". மோட்டார் விபத்து வழக்கொன்றில் இல்லத்தரசியின் உழைப்புக்கும் பண மதிப்பு உண்டென்று 2010-ல் உச்சநீதிமன்றம் சொன்னதை இங்கேயும் எடுத்துச் சொல்லலாம்; கூட்டுறவுச் சங்கத்துப் பாஸ் புத்தகமும் புடவை கொடுத்து வாங்கிய கணக்கும் அதற்கு ஆதாரமாகும்.

காலக் கெடு விஷயத்திலும் புற்று நோயாளிக்கு ஒரு பிரத்தியேகத் தொல்லை இருக்கிறது. வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்யவேண்டும் என்பது நுகர்வோர் சட்டத்தின் விதி. காரணம் எழுந்த நாள் எது? வைத்தியர் ஒன்றுமில்லை என்று சொன்ன நாளா, மற்றொரு வைத்தியர் இது புற்று என்று சொன்ன நாளா? 1993-ல் பித்தப்பை அறுவையின்போது வயிற்றில் விடப்பட்ட துணி 2002-ல் வெளியே வந்து, 2004-ல் மனுச் செய்த ஒரு பெண்மணியின் வழக்கை 2010-ல் ஆராய்ந்த உச்சநீதிமன்றம், கேடு வெளிப்படாமல் மறைந்திருந்த இடத்தில் அது தெரியவந்த நாளையே கணக்கில் கொள்ளலாம் என்ற தத்துவத்தை ஏற்றுக்கொண்டும், அவர் அறுவை முடிந்த நாள்முதலே வலியால் வருந்தியும் விசாரிக்காமல் இருந்தார் என்று கூறி, கெடு கடந்ததென மனுவைத் தள்ளியது. வலி இருந்தால் ஏன் விசாரிக்கவில்லை என்று கேட்பது சட்டப்படி சரியாக இருக்கலாம். கீமோ ஏற்றிக்கொண்டு வாந்தியெடுத்துக் கிடக்கும் ஒருவரிடம் அது எதிர்பார்க்கக் கூடியதா என்பது வேறு கேள்வி. போதிய காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. சிகிச்சை நடந்த மாதங்களை அவ்வாறு தாராளமாகக் கழித்துக் கொடுப்பதே நியாயம்.

எல்லாவற்றுக்கும் ஆதாரம் காகிதமே. நோயாளி கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவக் குறிப்புகளின் நகலைத் தரவேண்டும் என்றும், உள்நோயாளிகளின் குறிப்புகளை 3 ஆண்டு பாதுகாக்கவேண்டும் என்றும் மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு ஒழுக்க விதிகள் கூறுகின்றன. ஆனால் பிந்திய நிர்ணயத்தின் கதை நடப்பது உள்நோயாளிப் படுக்கையில் அல்ல. சீட்டில் இரண்டு வரி கிறுக்கிக் கொடுத்து, அந்தச் சீட்டும் மருந்துக் கடையில் தங்கிவிடுகிற சிறு கிளினிக்குகளில். "அப்பொழுதே மார்பில் கட்டி என்று சொன்னேன்" என்று நோயாளி சொல்ல, "கை வலி என்றுதான் சொன்னார்" என்று வைத்தியர் சொல்ல, எழுத்தில் ஒன்றும் இல்லாத வழக்கு அங்கேயே செத்துவிடுகிறது. ஆகவே ஒரு யோசனை சொல்லத் தோன்றுகிறது. அரசாங்கப் புற்றுநோய் மருத்துவமனைகளில் புதிய நோயாளியின் கேஸ் ஷீட்டில், முதல் அறிகுறி கண்ட தேதி, முதன்முதல் வைத்தியரிடம் காட்டிய தேதி, முதன்முதல் சதை எடுத்துச் சோதித்த தேதி ஆகிய மூன்றையும் கட்டாயமாகப் பதிந்தால், வழக்காடுவோருக்கு ஒரு சாட்சியமும், எங்கே தாமதம் நேர்கிறது என்று திட்டமிடுவோருக்கு ஒரு கணக்கும் சேர்ந்தே கிடைக்கும். அதற்குச் செலவு ஒரு மூன்று வரி மை.

மறுபக்கத்து ஆபத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 2019-ல் கேரளத்தின் கோட்டயம் அரசு மருத்துவக் கல்லூரியில், புற்றே இல்லாத ஒரு பெண்மணிக்கு, தனியார் ஆய்வுக்கூடம் ஒன்றின் தவறான ரிப்போர்ட்டை நம்பி, தங்கள் ஆய்வுக்கூட முடிவு வருமுன்னரே கீமோ தொடங்கிவிட்டார்கள். தாமதத்துக்கு அஞ்சி அவசரப்பட்டதன் பலன் அது. வழக்குக்கு அஞ்சும் வைத்தியர் ஒவ்வொரு தலைவலிக்கும் எம்.ஆர்.ஐ. எழுதுவார், அதற்கான கட்டணத்தை நெசவாளிதான் கொடுக்கவேண்டும். ஆதலால் நாம் வேண்டுவது மேலும் மேலும் சோதனைகள் அல்ல. சோதிக்க வேண்டிய சிலவற்றைச் சோதிக்காமல் விடாதிருப்பதும், வந்த ரிப்போர்ட்டைப் படித்து நோயாளிக்குச் சொல்வதுமே. மிகக் குறைந்த செலவில் இது முடியும் என்பதைத் திண்டுக்கல் ஜில்லா காட்டியிருக்கிறது. அம்பிளிக்கை மருத்துவமனையைச் சார்ந்து அங்கே நடந்த ஆய்வில், பயிற்சி பெற்ற நர்ஸுகள் வினிகர் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய முறையாலேயே கருப்பை வாய்ப் புற்றால் வரும் மரணம் 35 சதவீதம் குறைந்தது என்று 2007-ல் வெளியிட்டார்கள்.

சட்டமியற்றுவோரிடம் கேட்கவேண்டியவை இரண்டே: அரசு மருத்துவமனையில் இலவசமாகச் சிகிச்சை பெறுவோருக்கும் நுகர்வோருக்கு உள்ள அதே எளிய வாசலைத் திறந்துவிடுவதும், இழந்த வாய்ப்பை ஒரு நஷ்டமாகச் சட்டத்தின் வாசகத்திலேயே ஏற்றுக்கொள்வதும். அவை வரும்வரை, இன்று இருப்பதையாவது நோயாளிகள் அறிந்திருக்கவேண்டும். 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சென்னையிலோ வேலூரிலோ நேர்ந்த பிழைக்காகவும் ஒருவர் தாம் வசிக்கும் ஜில்லாவின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனுக் கொடுக்கலாம். வைத்தியத்துக்குக் கொடுத்த தொகை 5 லட்ச ரூபாய்க்கு மேற்படாவிட்டால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்க இயலாதவர் தாமே நின்று வாதாடலாம். கெடு இரண்டு ஆண்டு.